மூன்று டின் லட்டு

மண்டிக்காரர் தனகோட்டியின் வீட்டில் சர்க்கரை மூட்டை இறங்கியதை முதலில் கண்டுபிடித்தவன் பச்சைமுத்து. பார்த்தவர்கள் எல்லாரும் மல்லாட்டை மூட்டை, வழக்கமான வேர்க்கடலை மூட்டை என்றுதான் நினைத்தார்கள். சாக்கும் அதே சாக்கு, வண்டியும் அதே வண்டி. ஆனால் மூட்டையை இறக்கி வைத்த இடத்தில் எறும்பு மொய்த்தது. பத்து வயதுப் பச்சைமுத்து அங்கே குந்தி, விரலை எச்சில் பண்ணித் தரையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு பஜாரிலிருந்து செஞ்சிக் கோட்டை வரைக்கும் நிற்காமல் ஓடினான்.

ராஜகிரி மலையடிவாரத்துப் பழைய நெற்களஞ்சியத்துக்குள் பூவாயியும் சைபுதீனும் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். காலையில் மண்டிக்குப் போன வண்டிகளின் பின்னாலேயே நடந்து, குடைக்கம்பியால் சாக்கைக் குத்தி மடியில் பிடித்த காய். அந்த மூவருக்கும் அதுதான் தொழில். சீத்தாப்பழக் காலத்தில் மலை ஏறிப் பழம் திருடுவார்கள். மற்ற நாளில் வண்டி.

"சக்கரடீ!" என்றான் பச்சைமுத்து, மூச்சு வாங்க. "மூட்ட மூட்டையா சக்கர!"

அறுபத்தாறாம் வருஷம் அது. மழை பொய்த்து இரண்டு வருஷமாகியிருந்தது. ரேஷன் கடையில் சர்க்கரை கார்டுக்கு இரண்டு கை கிடைத்தால் பெரிது. கல்யாணம் என்றால் இத்தனை பேருக்கு மேல் இலை போடக்கூடாது என்று சட்டம் வந்திருந்தது. தனகோட்டிக்கு வைகாசியில் பெண் கல்யாணம். முகூர்த்தம் பனமலைக் கோயிலில், சட்டத்துக்கு அடங்கின மாதிரி பத்துப் பேரோடு. சாயங்காலம் செஞ்சியில் தன் வீட்டிலேயே ஊரையே கூட்டி விருந்து. அதற்குத்தான் அந்தச் சர்க்கரை.

பூவாயி உரித்த பருப்பை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். பன்னிரண்டு வயது. நைனா செத்துப் போய் நாலு வருஷம். அம்மா பவுனம்மாள் திருவண்ணாமலை ரோட்டில் ஜல்லி உடைத்தாள். பூவாயி உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பேசினால் அவளைவிட ஒரு வயது பெரியவனான சைபுதீன்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பான்.

"லட்டு புடிப்பாங்க" என்றாள். "அத நாம எடுத்துடலாம்."

சைபுதீன் சிரித்தான். "மண்டிக்காரன் வூட்லயா? போலீஸ்ல புடிச்சிக் குடுத்துட்டு வேற வேல பாப்பான்."

"அதான் முடியாது. கள்ள சக்கர அது. லட்டு காணோம்னு போய் நின்னா, சக்கர ஏதுய்யா உனுக்குன்னு கேப்பாங்க இல்ல? வாயத் தொறக்க முடியாது அவனால."

சைபுதீன் சிரிப்பை நிறுத்தினான். இதை அவன் யோசித்திருக்கவில்லை. போலீஸ் இல்லை என்றால் பயமே இல்லை என்று மூன்று பேருக்கும் தோன்றியது. பச்சைமுத்து சந்தோஷத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டான்.

தனகோட்டி வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டி ஒரு சந்து. சந்தைப் பார்த்தபடி ஒரு மரக்கதவு. கதவுக்கு உள்ளே கிணறு. கிணற்றடியில் காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் ஒரு பெண் குழந்தை பாத்திரம் தேய்க்கும். பெயர் காத்தாயி. எட்டு வயது. தொண்டூரிலிருந்து போன தை மாதம் அவள் அப்பன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவன், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. பூவாயி மூன்று நாள் சந்தில் நின்று கதவிடுக்கு வழியாக அவளைப் பார்த்தாள். அவளோடு அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை என்பதைப் பார்த்தாள். அவள் குண்டானோடு பேசுவதையும் பார்த்தாள். "உனுக்கு இன்னாடா இவ்ளோ கரி?" என்று அந்தக் குழந்தை குண்டானைத் திட்டிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் பூவாயி கதவைத் தட்டினாள்.

"தாகமா இருக்குது. தண்ணி குடேன்."

காத்தாயி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பூவாயி குடித்துவிட்டு, மடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டை எடுத்து அவள் கையில் வைத்தாள். காத்தாயி காயைப் பார்க்கவில்லை, பூவாயியின் முகத்தையே பார்த்தாள்.

"உம் பேரு இன்னாக்கா?"

பூவாயி யோசிக்கவேயில்லை. "மங்கை" என்றாள்.

மங்கை என்று ஊரில் வேறொரு பெண் இருந்தாள். பஸ் ஸ்டாண்டில் சுக்குக் காப்பி விற்கும் விதவையின் மகள். பள்ளிக்கூடம் போகிறவள், இடுப்பு வரைக்கும் சடை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் பூவாயியைக் கைகாட்டி, "அதோ பாரு திருட்டு நாயி" என்றிருந்தாள். வாயில் அந்தப் பெயர் வந்ததற்கு அதுதான் காரணம். வேறு எந்தத் திட்டமும் அப்போது இல்லை.

அதிலிருந்து பூவாயி தினமும் மத்தியானம் போனாள். மல்லாட்டை கொண்டுபோனாள், புளியங்காய் கொண்டுபோனாள். ஒருநாள் காத்தாயிக்குப் பேன் பார்த்துத் தலை பின்னி விட்டாள். பின்னும்போது அந்தக் குழந்தை அசையாமல் உட்கார்ந்திருந்தது. முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொருக்கா பின்னுக்கா" என்றது.

பூவாயி மறுபடியும் அவிழ்த்துப் பின்னினாள். அன்றைக்குத் திரும்பி வரும்போது சந்து முனையில் ஒருமுறை நின்றாள். காறித் துப்பிவிட்டு நடந்தாள்.

சாமான் அறைச் சாவி தனகோட்டியின் மனைவி மரகதத்தின் இடுப்பில் தொங்கியது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் காத்தாயிதான் கால் அமுக்க வேண்டும். பூவாயி ஒரு துண்டு சவுக்காரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சைபுதீனின் அத்தா பஜாரில் தகர வேலை செய்கிறவர், பூட்டு ரிப்பேரும் பார்ப்பார். சவுக்காரத்தில் பதிந்த தடத்தைப் பார்த்துச் சாவி அராவ சைபுதீனுக்குத் தெரியும்.

"அந்தம்மா தூங்கசொல்ல இதுல சாவிய வச்சி அமுக்கணும். ரெண்டு பக்கமும். செய்வியா?"

"எதுக்குக்கா?"

"செஞ்சா உன்ன தொண்டூருக்கு இட்டும்போவேன். உங்க வூட்டுக்கு."

காத்தாயி சவுக்காரத்தைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டாள்.

முதலில் கொண்டுவந்த அச்சு சரியில்லை, கலைந்திருந்தது. மறுபடியும் செய்யச் சொன்னாள் பூவாயி. இரண்டாம் முறை மரகதம் விழித்துக்கொண்டாள். சாவியில் கை பட்டதற்காகக் காத்தாயியின் தொடையைக் கிள்ளியதில் தோல் வழன்று ரத்தம் கட்டிவிட்டது. மறுநாள் பாவாடையைத் தூக்கிக் காண்பித்தாள். கறுத்த திராட்சை மாதிரி இருந்தது. காண்பித்துவிட்டு, பாவாடை மடிப்பிலிருந்து சவுக்காரத்தை எடுத்து நீட்டினாள். இந்த முறை அச்சு சுத்தமாக விழுந்திருந்தது.

"எப்ப போலாங்க்கா?"

"கல்யாணத்தன்னிக்கி."

கல்யாணத்துக்கு முந்தின நாள் களஞ்சியத்தில் உட்கார்ந்து கடைசியாகப் பேசினார்கள். விடியற்காலையில் எல்லாரும் வேன் வைத்துக்கொண்டு பனமலை போய்விடுவார்கள். வீட்டில் காத்தாயியும், வாசலில் காவலுக்குக் கணக்குப்பிள்ளை பொன்னுசாமியும்தான். சமையல் ஆட்கள் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார்கள். பொன்னுசாமிக்குக் காது கேட்காது. பத்து மணிக்குக் கொல்லைக் கதவு. ஆளுக்கு ஒரு டின். டின்னைச் சாக்குக்குள் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டால் விறகு கொண்டுபோகிற மாதிரிதான் தெரியும்.

"அந்தப் பொண்ணு?" என்று கேட்டான் சைபுதீன்.

"அது அங்கதான் இருக்கும்."

"இட்டும்போறேன்னு சொன்னியே."

"சொன்னேன்." பூவாயி தரையில் குச்சியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். "யோசிச்சுப் பாரு. அவளும் ஓடிட்டா, இட்டும்போனது யாருன்னு தேடுவாங்க. அவ அங்கியே இருந்தா அவளப் போட்டு அடிப்பாங்க. அடிச்சாலும் என் பேரு அவளுக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் யாருன்னே அவளுக்குத் தெரியாது."

"தப்பு பூவாயி. சின்னப் பொண்ணு அது" என்றான் சைபுதீன். "எங்க முன்னி வயசு."

"அப்ப நீ வராத. உன் பங்க நாங்க துன்னுக்கறோம்."

சைபுதீன் வீட்டில் அவனோடு ஆறு குழந்தைகள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பச்சைமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டின்னுக்கு எத்தினி லட்டு இருக்கும்?" என்று கேட்டான்.

மறுநாள் எல்லாம் சொன்னபடி நடந்தது. கதவைத் திறந்த காத்தாயி தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. இரண்டு பாவாடை, ஒரு பல் போன சீப்பு. பையன்களைப் பார்த்து மிரண்டு பூவாயியின் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

சாவி போட்டதும் பூட்டு திறந்தது. அறைக்குள் நெய் வாசனை முகத்தில் அடித்தது. சுவரோரம் டின் டின்னாக அடுக்கியிருந்தது. பச்சைமுத்து ஒரு மூடியைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மஞ்சளாக, உருண்டையாக, முந்திரியும் திராட்சையும் பதித்து, கற்கண்டு மின்ன, வாய்வரைக்கும் லட்டு. அவன் கையை விட்டான். பூவாயி அவன் பிடரியில் ஒன்று வைத்தாள்.

"இங்க துன்னக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல? தூக்குடா."

மூன்று டின். மூன்று சாக்கு. பையன்கள் இருவரும் சந்தில் இறங்கினார்கள். பூவாயி அறையைப் பூட்டினாள். கதவோரம் காத்தாயி மூட்டையை மார்போடு அணைத்து நின்றாள்.

"நீ உள்ள தாப்பா போட்டுக்கினு இங்கியே நில்லு" என்றாள் பூவாயி. "இத எறக்கி வச்சிட்டு வந்து உன்ன கூட்டிக்கறேன்."

"நானும் கூடவே வரங்க்கா. நான் ஓடுவேன்."

"மூணு பேரு போறதே அதிகம். சொன்னா கேளு."

"வந்துடுவ இல்ல?"

"வருவேன்."

காத்தாயி தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு கதவின் பின்னால் அவள் நகர்ந்த சத்தம் கேட்கவில்லை. பூவாயி டின்னைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

களஞ்சியத்துக்குள் போய் மூன்று பேரும் மூடியைத் திறந்தார்கள். வாய் நிறையத் தின்றார்கள். பச்சைமுத்து எட்டு லட்டுவரை எண்ணினான், அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தான். சைபுதீன் நாலு லட்டோடு நிறுத்திக்கொண்டு, தங்கச்சி முன்னிக்கு என்று இரண்டு எடுத்துத் துண்டில் முடிந்தான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு அதையும் டின்னிலேயே போட்டுவிட்டான். லட்டு எங்கே கிடைத்தது என்று முன்னி தெருவெல்லாம் சொல்லிவிடுவாள். அதற்குப் பயந்துதான் என்று பூவாயி நினைத்தாள்.

மிச்சத்தை அங்கேயே ஒரு மூலையில் வைத்துக் கல்லை அடுக்கி மூடிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கல்லெல்லாம் உருண்டு கிடந்தது. குரங்குகள். களஞ்சிய வாசல் முழுக்கப் பூந்தி சிதறிக் கிடக்க, ஒரு தாய்க் குரங்கு டின்னுக்குள் தலையை விட்டு நக்கிக்கொண்டிருந்தது. பச்சைமுத்து கல்லை எடுத்து எறிந்து அழுதான். மண்ணில் கிடந்ததைப் பொறுக்கி ஊதி ஊதித் தின்றான்.

அவன்தான் மற்ற செய்தியையும் கொண்டுவந்திருந்தான். முந்தின நாள் சாயங்காலம் தனகோட்டி வீட்டுக் கொல்லைச் சுவரில் ஏறிப் பார்த்திருக்கிறான்.

"மாப்ள வூட்டுக்காரங்க பந்தியில சிரிச்சிட்டாங்களாம், லட்டு பாதி பேருக்குத்தான் வந்துதுன்னு. அந்தம்மாவுக்கு ஆத்திரம். அடுப்புல கரண்டியக் காய வச்சி..." அவன் தன் வலது உள்ளங்கையைக் காண்பித்தான். "இங்க. இழுத்துட்டாங்க. கத்துச்சு பாரு..."

சைபுதீன் எழுந்து நின்றான். "இன்னா சொல்லிச்சு?"

"மங்கைன்னு சொல்லிச்சு. மங்கை அக்கா வருவாங்க, மங்கை அக்கா வருவாங்கன்னு."

நேற்றுத் தின்றது இன்னும் பூவாயியின் வாயில் இனிப்பாகப் பிசுபிசுத்தது. தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருந்தது.

பஜார் பக்கமிருந்து கூச்சல் கேட்கவே மூவரும் ஓடினார்கள். மண்டி முற்றத்தில் கூட்டம் கூடியிருந்தது. மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் கம்பத்தில் மங்கையைக் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பை அவள் தோளிலேயே தொங்கியது. மங்கையின் அம்மா தரையில் உட்கார்ந்து தனகோட்டியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, எம் பொண்ணு அந்தத் தெருப் பக்கமே வராதுங்க. இஸ்கூலுக்குப் போவும், வரும். அவ்ளோதாங்க."

"நான் போனதே இல்ல, சத்தியமா போனதே இல்ல" என்று மங்கை சொல்லிக்கொண்டேயிருந்தாள். குரல் கீச்சிட்டுப் போயிருந்தது.

கூட்டத்தில் வாத்தியார் கோவிந்தசாமி நின்றிருந்தார். "போலீஸ்ல சொல்லிடுங்களேன். அவங்க விசாரிக்கட்டும்" என்றார் மெல்ல.

தனகோட்டி அவரைப் பார்த்தார். "சின்னப் பொண்ணு, போலீஸ் கேஸ் எதுக்குன்னு பெரிய மனசு பண்றன். நீங்க இன்னாத்துக்கு வாத்யாரே நடுவுல வரீங்க?"

வாத்தியார் ஓரமாக நகர்ந்துகொண்டார். போலீஸ் வராது என்று பூவாயி சொன்னது சரியாகத்தான் இருந்தது. யாரும் வரவில்லை. இதை யார் நிறுத்தச் சொல்வது என்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

காத்தாயியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வலது கையில் வாழைச் சருகைச் சுற்றியிருந்தது. முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது.

"இவதானா?" என்றார் தனகோட்டி.

காத்தாயி மங்கையைப் பார்த்தாள். இந்தப் பெண்ணை அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை. நெற்றியைச் சுருக்கினாள். இல்லை என்று தலையாட்டப் போகிறவள் மாதிரி இருந்தாள். அப்போது அவளுடைய ஒற்றைக் கண் கூட்டத்துக்குள் வந்து பூவாயியின் மேல் நின்றது.

பூவாயிக்கு ஓட வேண்டும் என்று தோன்றியது. சுற்றிலும் ஆட்கள் நெருக்கி நின்றார்கள். காத்தாயி விரலை நீட்டினால் போதும். மங்கையை அவிழ்த்துவிட்டுப் பூவாயியைக் கட்டுவார்கள். பூவாயி அந்தக் குழந்தையின் கண்ணைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

காத்தாயி மெதுவாக மங்கையின் பக்கம் திரும்பினாள்.

"இவதான்" என்றாள்.

மங்கையின் அம்மா கத்தினாள். மரகதம் வீட்டுக்குள்ளிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். மங்கையின் சடையைப் பிடித்து அடியோடு வெட்டினாள். கூந்தல் தடிப்பாக இருந்ததால் ஒரே வெட்டில் வரவில்லை. நாலைந்து தடவை நறுக்க வேண்டியிருந்தது. பின்பு கூலியாள் இருவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சுக்குக் காப்பி பாய்லரையும் பெஞ்சையும் உடைத்துவிட்டு வந்தார்கள். ஜனங்கள் கலைந்துபோனார்கள். மங்கையின் அம்மா வெட்டிப் போட்ட சடையை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு மகளை நடத்திப் போனாள்.

"நான் போய் சொல்லப் போறன்" என்றான் சைபுதீன், களஞ்சியத்துக்குத் திரும்பும் வழியில். அழுதுகொண்டிருந்தான்.

"சொல்லு. சாவி செஞ்சது யாருன்னு கேப்பாங்க. உங்க அத்தா கடையில அராவினது. அந்த பாய்லர ஒடச்ச மாதிரி உங்க கடையையும் ஒடப்பாங்க."

சைபுதீன் அவளை அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் திரும்பி நடந்தான். அதற்கப்புறம் அவன் கோட்டைப் பக்கம் வரவில்லை. அத்தா கடையில் உட்கார்ந்து தகரம் வெட்டினான். பூவாயி அந்தப் பக்கம் போனால் தலையை நிமிர்த்த மாட்டான். மங்கையும் அவள் அம்மாவும் அடுத்த வாரம் திண்டிவனம் பஸ்ஸில் ஏறியதாகச் சொன்னார்கள். மங்கை தலையில் முக்காடு போட்டிருந்தாளாம்.

பூவாயிக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் சந்துக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

காத்தாயி திறந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. கை வடியவில்லை. சருகுக்குள்ளிருந்து நீர் ஒழுகியது.

"வாடி" என்றாள் பூவாயி. அவளுக்கே தன் குரல் அழுகிற மாதிரி கேட்டது. "இப்பவே போலாம். தொண்டூருக்கு நடந்தே இட்டும்போறேன்."

காத்தாயி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"நீ இட்டும்போவ மாட்ட" என்றாள். கோபம் இல்லை. குண்டானில் கரி போகாது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "உள்ள வா. பாத்திரம் கெடக்குது."

"இன்னாது?"

"என் கை எரியுது. நீ தேய்."

கிணற்றடியில் கல்யாணப் பாத்திரம் மலையாகக் கிடந்தது. அண்டா, குண்டான், தவலை. பூவாயி நின்றாள்.

"தேய்க்கலன்னா?"

காத்தாயி வீட்டுப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். கூப்பிடவில்லை. திறந்த வாயோடு பூவாயியைப் பார்த்தாள். பூவாயி உட்கார்ந்து சாம்பலையும் புளியையும் எடுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் பூவாயி போனாள். காத்தாயி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு கையை மடியில் வைத்து வேடிக்கை பார்ப்பாள். "அடியில கரி போவல" என்பாள். "இன்னொருக்கா தேய்." பூவாயி இன்னொருமுறை தேய்ப்பாள். ஒருநாள், அண்டாவைக் கழுவி கவிழ்த்து வைத்த பிறகு, காத்தாயி அதைக் காலால் தள்ளிச் சேற்றில் உருட்டிவிட்டாள். பூவாயி நிமிர்ந்து பார்த்தாள். காத்தாயி சிரிக்கவில்லை. என்ன செய்வாள் என்று பார்க்க ஆசைப்படுகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பூவாயி அண்டாவை எடுத்து மறுபடியும் தேய்த்தாள்.

பச்சைமுத்து இரண்டொரு நாள் சந்தில் வந்து நின்று கூப்பிட்டுப் பார்த்தான். "வண்டி வருதுடீ, வா" என்றான். அப்புறம் அவனும் வேறு பையன்களோடு போய்விட்டான்.

ஆனி மாதம் ஒருநாள் மரகதம் கொல்லைக்கு வந்துவிட்டாள். பூவாயி எழுந்து ஓடப் போனாள். காத்தாயி கல்லைவிட்டு இறங்கி, முந்திக்கொண்டாள்.

"அம்மா, இது பூவாயி. ஜல்லி ஒடைக்கிற பவுனம்மா பொண்ணு. எனக்குக் கை வரலன்னு தேய்ச்சித் தருது. நல்லா தேய்க்குது பாருங்க. தண்ணி சேந்தும், மாவரைக்கும், எல்லாம் செய்யும்."

தன் பெயர் அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று பூவாயிக்குப் புரியவில்லை. பூவாயியின் அம்மா யாரென்றுகூடக் காத்தாயி தெரிந்து வைத்திருந்தாள்.

மரகதம் பளபளக்கும் தவலையைக் குனிந்து பார்த்தாள். பிறகு காத்தாயியின் கையைப் பார்த்தாள். விரல்கள் உள்பக்கமாக மடங்கி ஒட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தன. ஆடிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் வரப் போகிறார்கள். சம்பந்தி வீட்டார் வருவார்கள். அந்தக் கையை அவர்கள் கண்ணில் காட்டுவதில் மரகதத்துக்கு இஷ்டமில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

காத்தாயியை ஊருக்கு அனுப்பிவிட்டு அவள் இடத்தில் பூவாயியை வைத்துக்கொள்வது என்று இரண்டே நாளில் முடிவாயிற்று. பவுனம்மாள் வந்து மரகதத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மூணு வேளையும் சோறு போட்டா போதும் தாயீ. இங்கியே கெடக்கட்டும்" என்றாள். மகள் பக்கம் திரும்பி, "உனுக்கு வந்த வாழ்வப் பார்றீ" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பூவாயி பார்த்து வெகுநாள் ஆயிற்று. பூவாயி மாட்டேன் என்று சொல்லலாம். ஏன் என்று அம்மா கேட்பாள். காத்தாயி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தொண்டூருக்குத் திரும்புகிற மல்லாட்டை வண்டியில் காத்தாயியை ஏற்றினார்கள். கையில் அந்தத் துணி மூட்டை. வண்டிக்காரன் மாட்டைப் பூட்டுகிற நேரத்தில் அவள் பூவாயியைக் கிட்டே வரச் சொல்லி விரலை ஆட்டினாள். பூவாயி போனாள். ஏதோ சொல்லித் திட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"சோறு வச்சா ஒடனே துன்னுடு" என்றாள் காத்தாயி, வேலை சொல்லிக் கொடுக்கிறவள் மாதிரி. "கூப்ட்டா பாதியில எழுந்து போவணும். அப்புறம் வந்து பாத்தா இருக்காது."

வண்டி கிளம்பியது. காத்தாயி முன்பக்கம் திரும்பி மாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வல்லம் போகிற ரோட்டில் புழுதி எழுந்து வண்டியை மறைத்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் பூவாயி நாற்பது குடம் தண்ணீர் சேந்தினாள். மாவு அரைத்தாள். இரண்டு அறை வாங்கினாள், ஒன்று நெய்ச் சொம்பைக் கைதவறிப் போட்டதற்கு, ஒன்று எதற்கென்று தெரியவில்லை. விளக்கு வைக்கும் வேளையில் மரகதம் கிணற்றடிக்கு ஒரு அலுமினியத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் சோறு குவித்திருந்தது. மேலே கத்தரிக்காய்க் குழம்பு. உண்மையான அரிசிச் சோறு, ஆவி பறந்தது. நைனா போனதிலிருந்து அவ்வளவு சோற்றை அவள் ஒரே தட்டில் பார்த்ததில்லை.

பூவாயி ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குந்தி உட்கார்ந்து, யாரும் கூப்பிடுவதற்கு முன்னால், சூடு வாயைப் பொசுக்கப் பொசுக்க அள்ளித் தின்றாள்.